எல்லை தாண்டும் கார்கள்: மெக்சிகோ சாலைப் பயணம் – வாசகர் கேள்வி, பதில்

மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து சொந்தக் கார்களில் மெக்சிகோவைச் சுற்றிவர விரும்பும் வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்தவை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

நாங்கள் நான்கு குடும்பம், பதினாறு பேர், நான்கு கார். டிசம்பர் விடுமுறையில் மூன்று வாரம் எடுத்துக்கொண்டு தென் மெக்சிகோவிலுள்ள வாஹாக்கா வரை போய்வர ஆசை. எந்த வழி? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் ஓட்டலாம்? (டல்லாஸ்)

மூன்று வாரம் தாராளமாகப் போதும், ஒரு நாளைக்கு 350 முதல் 450 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டாதவரை. டெக்சாஸில் 800 கிலோமீட்டர் ஓட்டிப் பழகியவர்கள் அதே கணக்கை இங்கே போடுவதுதான் திட்டம் சரிவதற்கு முதல் காரணம். சுங்கச்சாவடி, சாலைப் பணி, ஊருக்கு ஊர் வேகத்தடை, நான்கு காருக்கும் பெட்ரோல், குழந்தைகளுக்குக் கழிப்பறை எல்லாம் சேர்ந்தால் சராசரி வேகம் மணிக்கு 60 – 65 கிலோமீட்டர்தான் வரும். குளிர்காலத்தில் மாலை ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். காலை எட்டுக்குக் கிளம்பி நாலரைக்குள் விடுதிக் கதவருகே வண்டி நிற்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

உங்களுக்கு ஈகிள் பாஸ் – பியெத்ராஸ் நெக்ராஸ் எல்லை வழியைச் சொல்வோம். முந்தின இரவு அமெரிக்கப் பக்கத்திலேயே தங்கிவிடுங்கள். முதல் நாள் காலை எல்லை வேலைகளை முடித்து மொன்க்ளோவா வரை மட்டும் போங்கள், சுமார் 250 கிலோமீட்டர். நான்கு வண்டிக்கும் காகிதம் முடிய அரை நாள் ஆகிவிடும் என்பதால் அதற்கு மேல் திட்டமிடுவது வீண். இரண்டாம் நாள் சால்ட்டில்லோவைத் தாண்டி மத்தெவாலா. மூன்றாம் நாள் சான் லூயிஸ் பொட்டோசி வழியாக சான் மிகெல் தே அயெந்தே. நான்காம் நாள் கெரெத்தாரோவைத் தாண்டி, 'ஆர்கோ நோர்த்தே' என்ற வடக்கு வளையச் சாலையில் ஏறி, மெக்சிகோ நகரத்தைத் தொடாமல் புவேப்லா. ஐந்தாம் நாள் 135டி கட்டணச் சாலையில் வாஹாக்கா. போக ஐந்து நாள், வர ஐந்து நாள். மீதி பதினோரு நாளை ஊர் பார்க்க வைத்துக்கொள்ளலாம். ஆர்கோ நோர்த்தேயில் பெட்ரோல் பங்குகள் குறைவு. ஏறுவதற்கு முன்பே நான்கு வண்டியும் நிரப்பிக்கொள்ளட்டும்.

மெக்சிகோ நகரத்துக்குள் காரோடு போகவே வேண்டாம். அங்கே புகையைக் குறைக்க 'ஓய் நோ சிர்குலா' என்ற கட்டுப்பாடு உண்டு. பதிவெண்ணின் கடைசி இலக்கத்தைப் பொறுத்து வாரத்தில் ஒரு நாள் வண்டி ஓடக்கூடாது. வெளிமாநில, வெளிநாட்டு வண்டிகளுக்கு இதோடு திங்கள் முதல் வெள்ளி வரை காலை 5 முதல் 11 மணி வரையிலும், சனிக்கிழமையிலும் தடை. நான்கு வண்டிக்கு நான்கு இலக்கம் என்றால் எல்லோரும் ஓட்டக்கூடிய நேரமே அரிது. தலைநகரைப் பார்க்காமல் வர மனமில்லை என்றால் கார்களைக் கெரெத்தாரோ விடுதியில் விட்டுவிட்டு சொகுசுப் பேருந்தில் போய்வாருங்கள். மூன்று நான்கு மணி நேரப் பயணம், பேருந்துகளும் அருமை.

மத்தெவாலாவில் ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் ரியால் தே கத்தோர்சே என்ற பழைய வெள்ளிச் சுரங்க ஊருக்குப் போகலாம். கடைசி இருபது சொச்சம் கிலோமீட்டர் கல் பாவிய சாலை. ஊருக்குள் நுழைய ஒகார்ரியோ சுரங்கப்பாதை, 2.3 கிலோமீட்டர் நீளம், ஒரு வண்டி அகலம். இரு முனையிலும் ஆட்கள் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிவைத்து ஒரு பக்க வண்டிகளை முடித்த பிறகே மறுபக்கத்தை விடுவார்கள். கூரையில் உயரமான பெட்டி வைத்த வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடந்தோ உள்ளூர் வண்டியிலோ போங்கள்.

டிசம்பர் என்பதால் ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவில் வேலை பார்க்கும் மெக்சிகோக்காரர்கள் ஊருக்குத் திரும்பும் காலம் அது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய பத்து நாள் எல்லையில் வரிசை மணிக்கணக்கில் நிற்கும். செவ்வாய் அல்லது புதன், விடிந்ததும் எல்லைப் பாலத்தில் இருப்பதுபோல் நாளைத் தேர்ந்தெடுங்கள்.

எச்-1பி வேலை விசாவில் இருக்கிறேன். பாஸ்போர்ட்டில் உள்ள விசா முத்திரை காலாவதி, ஐ-797 என்ற ஒப்புதல் தாள் செல்லுபடியாகிறது. சென்னையிலிருந்து வரும் தம்பியிடம் பி-2 சுற்றுலா விசா இருக்கிறது. நாங்கள் இருவரும் மெக்சிகோ போகலாமா? (ஹூஸ்டன்)

தம்பிக்குச் சிக்கல் இல்லை. செல்லுபடியாகும் அமெரிக்க விசா உள்ளவருக்கு, எந்த நாட்டுக் கடவுச்சீட்டு என்றாலும், மெக்சிகோவுக்குத் தனி விசா வேண்டாம். கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அப்படியே. கனடா, பிரிட்டன், ஜப்பான், ஐரோப்பாவின் ஷெங்கன் விசாக்களும் இதில் சேரும். ஆகவே கனடாவில் நிரந்தர வசிப்புரிமை பெற்ற இலங்கைத் தமிழர்களும் இலங்கைக் கடவுச்சீட்டிலேயே போகலாம்.

உங்கள் நிலை வேறு. ஐ-797 என்பது விசா அல்ல, அதை மெக்சிகோ ஏற்காது. அமெரிக்காவிலுள்ள மெக்சிகோ தூதரகத்தில் நேர்முகத்துக்கு நேரம் வாங்கி மெக்சிகோ விசா எடுத்தே ஆக வேண்டும். திரும்பி வருவதற்கு அமெரிக்காவின் தானியங்கி மறு அங்கீகார விதி உதவும். மெக்சிகோவில் 30 நாளுக்குள் இருந்து, ஐ-94 என்ற வருகைப் பதிவு செல்லுபடியாகும் நிலையில், இடையில் புது விசாவுக்கு விண்ணப்பிக்காமல் இருந்தால் காலாவதியான முத்திரையோடு நுழையலாம். ஐ-94 அச்சுப் பிரதி, ஐ-797 அசல், அண்மைச் சம்பளச் சீட்டு மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். மெக்சிகோவிலேயே விசா முத்திரை குத்திக்கொள்ளலாம் என்று நேர்முகத்துக்கு விண்ணப்பித்தால் இந்த விதி அன்றே கைவிட்டுப் போகும். குழுவோடு வரும் பயணத்தில் அந்த முயற்சி வேண்டாம்.

கார் வங்கிக் கடனில் இருக்கிறது, பதிவு மனைவி பெயரில். எல்லையில் வண்டிக்குத் தனி அனுமதி வேண்டும் என்கிறார்கள். என்னென்ன கொண்டுபோக வேண்டும்? (ஆஸ்டின்)

வேண்டும். எல்லையிலிருந்து சுமார் 20 – 25 கிலோமீட்டர் வரைதான் வண்டி சும்மா ஓடலாம். அதற்கு மேல் தற்காலிக இறக்குமதி அனுமதி இல்லாமல் பிடிபட்டால் வண்டியைப் பறிமுதல் செய்யலாம். பாஹா தீபகற்பத்துக்கும் சொனோரா மாநிலத்தின் வடமேற்குப் பகுதிக்கும் மட்டும் விலக்கு. இந்த அனுமதியை பான்ஹெர்சித்தோ என்ற ராணுவ வங்கியின் எல்லைக் கிளைகள் தருகின்றன.

வரிசை மாறக்கூடாது. முதலில் குடிவரவு அலுவலகம், பிறகு வங்கிச் சாளரம். பல பாலங்களில் யாரும் உங்களை நிறுத்தமாட்டார்கள். வண்டி நேராக ஊருக்குள் போய்விடும். நீங்களாகவே வண்டியை ஓரங்கட்டி உள்ளே போய், ஒவ்வொருவருக்கும் எஃப்.எம்.எம். என்ற சுற்றுலாச் சீட்டை வாங்கி முத்திரை பெற வேண்டும். தரைவழியே ஏழு நாளுக்குள் என்றால் கட்டணமில்லை. அதற்கு மேல் என்றால் ஆளுக்குக் கட்டணம் உண்டு. 2025இல் 861 பெசோ. ஆண்டுதோறும் மாறும்.

சீட்டு கைக்கு வந்ததும் அதிகாரி எழுதியிருக்கும் நாள் எண்ணிக்கையை அங்கேயே நின்று பாருங்கள். உச்சவரம்பு 180 நாள் என்றாலும் குறைத்து எழுதுவது உண்டு. வண்டி அனுமதியின் கடைசி நாள் இந்தச் சீட்டை ஒட்டியே அமையும். மூன்று வாரப் பயணத்துக்கு 21 என்று எழுதினால் ஒரு நாள் வண்டி பழுதானாலும் கெடு தாண்டிவிடும். குறைந்தது முப்பது நாளாவது கேட்டு வாங்குங்கள்.

வங்கிச் சாளரத்தில் அனுமதி கேட்பவர் பதிவுப் பத்திரத்தில் பெயர் உள்ளவராக இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் அது உங்கள் மனைவி. அவருடைய கடவுச்சீட்டு, எஃப்.எம்.எம்., ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, அவர் பெயரிலேயே உள்ள கடன் அட்டை ஆகியவை அசலும் இரண்டு இரண்டு நகலும் வேண்டும். கடனில் உள்ள வண்டி என்பதால், இன்ன எண்ணுள்ள வண்டியை இன்னார் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை மெக்சிகோவுக்குக் கொண்டுபோகலாம் என்று வங்கி தன் முகப்புத் தாளில் எழுதித் தர வேண்டும். இந்தக் கடிதம்தான் பல குழுக்களை எல்லையில் நிறுத்திவிடுகிறது. சில வங்கிகள் வாரக்கணக்கில் இழுக்கும், சில தரவே தராது. எனவே பயணம் உறுதியானதும் முதல் வேலையாக இதைக் கேளுங்கள். குத்தகைக்கு எடுத்த வண்டிக்கும் இதே கடிதம் வேண்டும். அமெரிக்க வாடகை வண்டியை மறந்துவிடுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் எல்லை தாண்ட விடுவதில்லை.

அனுமதிக் கட்டணம் ஐம்பது டாலரைச் சற்று ஒட்டி வரும். அதற்கு மேல் ஈட்டுத்தொகை: 2007ஆம் ஆண்டு மாடல் முதல் 400 டாலர், 2001 – 2006 மாடலுக்கு 300, 2000 வரையிலான மாடலுக்கு 200. வண்டி நாட்டைவிட்டு வெளியேறியதைப் பதிவு செய்தால் முழுதும் திரும்பக் கிடைக்கும். ஒருவர் பெயரில் ஒரு வண்டிக்குத்தான் அனுமதி. ஒரே வீட்டில் இரண்டு காரும் அப்பா பெயரில் இருந்தால் ஒன்று நிற்கும். குழு கூடும் முதல் நாளே யார் வண்டி யார் பெயரில் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.

நீங்கள் ஓட்டலாமா என்றால், தாராளமாக. அனுமதி பெற்றவரின் கணவர் அல்லது மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் ஓட்டலாம். அதே சுற்றுலாத் தகுதியில் வந்திருக்கும் வேறு வெளிநாட்டவரும் ஓட்டலாம். மெக்சிகோ குடிமகன் ஓட்டினால் மட்டும் இவர்களில் ஒருவர் உள்ளே இருக்க வேண்டும்.

எங்களிடம் இரண்டு கனரகப் பிக்கப், ஒரு எஸ்.யூ.வி. முதல் முறை. பாஹா போவதா, உள்நாடு போவதா? (சான் ஹோசே)

பாஹா. காரணம் எளிது: மொத்த எடைத்திறன் 3.5 டன்னுக்கு மேலான பிக்கப்புக்குத் தற்காலிக அனுமதி மறுக்கப்படும். கதவோரத் தகட்டில் பாருங்கள், 7,716 பவுண்டுக்கு மேல் இருந்தால் உள்நாடு சந்தேகம். பாஹாவுக்கு அந்த அனுமதியே வேண்டாம். சுற்றுலாச் சீட்டும் காப்பீடும் போதும்.

திஹுவானாவிலிருந்து காபோ சான் லூக்காஸ் வரை ஒரே சாலை, கூட்டரசு நெடுஞ்சாலை 1. 1973இல் முழுமையடைந்தது, சுமார் 1,700 கிலோமீட்டர். குழுவில் யாரும் வழி தவற வாய்ப்பே இல்லை என்பது முதல் பயணத்துக்குப் பெரிய வசதி. ஆனால் பல இடங்களில் சாலை ஒடுங்கியது, தார் முடிந்த இடத்திலேயே சரிவு, ஓரம் கிடையாது. எதிரே லாரி வந்தால் இரண்டு கண்ணாடிகளுக்கும் இடையே ஒரு முழம்தான். அகலமான பக்கக் கண்ணாடி வைத்த பிக்கப் ஓட்டுபவர் லாரியைக் கண்டதும் வேகத்தை 60க்குக் குறைத்து வலது கோட்டை ஒட்டிப் போக வேண்டும். தார் விளிம்பை விட்டுச் சக்கரம் இறங்கிவிட்டால் ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பக் கூடாது. காலை எடுத்து, வேகம் இறங்கிய பிறகு மெல்ல ஏற்ற வேண்டும். வெட்டித் திருப்பினால் வண்டி எதிர்ப்பாதைக்குப் பாயும் அல்லது கவிழும்.

எல் ரொசாரியோவில் கட்டாயம் டேங்கை நிரப்புங்கள். அதற்குப் பிறகு ஏறக்குறைய 300 கிலோமீட்டருக்கு நம்பத்தக்க பங்கு இல்லை. நடுவே கத்தவீனியாவில் பீப்பாயிலிருந்து பெட்ரோல் ஊற்றித் தருவார்கள். அவசரத்துக்கு மட்டும். பாரம் ஏற்றிய பிக்கப்புக்கு 20 லிட்டர் கேன் ஒன்று கையில் இருப்பது நல்லது.

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை போனால் கெர்ரெரோ நெக்ரோவிலும் சான் இக்னாசியோ கடற்கழியிலும் சாம்பல் திமிங்கிலங்கள் குட்டிகளோடு படகருகே வரும். உரிமம் பெற்ற படகுகளில்தான் போக முடியும். குழுவாகப் போகிறவர்கள் முன்பதிவு செய்துவிடுங்கள். இந்த ஒன்றுக்காகவே பாஹா போகலாம்.

லா பாஸிலிருந்து கப்பலில் மசத்லான் போய் உள்நாடு வழியே திரும்பும் எண்ணம் இருந்தால், பிச்சிலிங்கே துறைமுகத்தில் வண்டி அனுமதி வாங்க வேண்டும். எடைச் சிக்கல் அங்கேயும் வரும். மேலும் மசத்லான் இருக்கும் சினலோவா மாநிலத்துக்குப் போகவேண்டாம் என்று அமெரிக்க வெளியுறவுத் துறை நெடுநாளாகச் சொல்லிவருகிறது. போன வழியே திரும்புங்கள்.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் "மெக்சிகோவிலும் செல்லும்" என்கிறது. போதுமா? (டொராண்டோவிலிருந்து டெக்சாஸ் வழியே போகும் குழு)

போதாது. உங்கள் சொந்த வண்டியின் சேதத்துக்கு எல்லையோரத்தில் சில பாலிசிகள் செல்லலாம். ஆனால் மற்றவருக்கு நேரும் சேதத்துக்கும் உயிரிழப்புக்கும் மெக்சிகோ சட்டம் மெக்சிகோ நிறுவனத்தின் பாலிசியை மட்டுமே ஏற்கும். அங்கே விபத்தில் காயம்பட்டோர் இருந்தால், யார் மேல் தவறு, இழப்பீடு கட்ட வழி உண்டா என்பது தெளியும்வரை ஓட்டுநரைக் காவலில் வைக்க முடியும். நல்ல பாலிசி என்பது வெறும் பணம் அல்ல. வக்கீலையும் பிணைத்தொகையையும் சேர்த்துத் தருவது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை: மூன்றாம் நபர் பொறுப்பு குறைந்தது 3 லட்சம் டாலர், முடிந்தால் 5 லட்சம். சட்ட உதவியும் பிணையும் சேர்ந்திருக்க வேண்டும். பழுதை அமெரிக்கா அல்லது கனடாவில் அந்த ஊர்க் கூலிக்குச் சரிசெய்ய அனுமதி இருக்க வேண்டும். ஓட்டப்போகும் எல்லோர் பெயரும், முக்கியமாக 21 வயதுக்குக் குறைந்தவர் பெயரும், பாலிசியில் அடங்க வேண்டும். பின்னால் டிரெய்லர் இழுத்துப்போனால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் என்றால் நாள் கணக்கைவிட ஆறு மாதப் பாலிசி பெரும்பாலும் மலிவாக வரும். இரண்டு விலையும் கேளுங்கள்.

விபத்து நடந்தால் பாலிசியில் உள்ள எண்ணை அழைத்து, நிறுவனத்தின் ஆய்வாளர் வரும்வரை காத்திருங்கள். எந்தத் தாளிலும் அவசரப்பட்டுக் கையெழுத்திடாதீர்கள். மெக்சிகோவை விட்டு வெளியேறுவதற்கு முன்பே புகாரைப் பதிவு செய்ய வேண்டும். "சின்னக் கீறல்தானே, வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம்" என்று எல்லை தாண்டியவர்களுக்குக் காசு வராது.

ஐந்து கார் ஒன்றாக ஓட்டுவது எப்படி? போன முறை கனடாவில் பாதி நேரம் ஒருவரை ஒருவர் தேடியே போனது. (அட்லாண்டா)

முதலில் ஐந்தை நான்காக்குங்கள். நான்கு கார் வரை சாலையில் ஒரே கூட்டமாக ஓடும். அதற்கு மேல் என்றால் இரண்டு பிரிவாகப் பிரித்து அரை மணி இடைவெளியில் கிளம்பி, மதிய உணவுக்கும் விடுதிக்கும் மட்டும் சேர்வது நல்லது.

ஒட்டிக்கொண்டு ஓட்டாதீர்கள். முன்னால் போகும் கார் வேகத்தடைக்கு முன் திடீரென்று நிற்கும். பல வேகத்தடைகளுக்குப் பலகையும் இல்லை, வெள்ளைக் கோடும் இல்லை. நாலு விநாடி இடைவெளி வையுங்கள். நடுவே வேறு வண்டி புகுந்தால் புகட்டும்.

திருப்பம் வரும் இடத்தில் ஒரே விதி: பின்னால் வரும் கார் உங்களைப் பார்த்துவிட்டது என்று கண்ணாடியில் தெரியும்வரை நீங்கள் திருப்பத்தைவிட்டு நகரக்கூடாது. முதல் கார் எல்லோரையும் கவனிக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் உள்ள ஒருவரைக் கவனித்தால் போதும். கடைசிக் காரில் இயந்திரம் தெரிந்தவரும் கருவிப் பெட்டியும் இருக்கட்டும். முதல் காரில் ஸ்பானிஷ் பேசக்கூடியவரும் சில்லறையும்.

சுங்கச்சாவடியைத் தாண்டியதும் அடுத்த 300 மீட்டருக்குள் வலப்பக்கம் ஒதுங்கி எல்லோரும் சேருங்கள். ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். கட்டணச் சாலையில் பயணிகளுக்கான காப்பீடு அதில் அடங்கியிருக்கிறது. பல சாவடிகளில் வெளிநாட்டு அட்டை எடுபடாது. நீண்ட நாளுக்கு ஒரு காருக்கு 500 முதல் 1,000 பெசோ வரை சுங்கம் ஆகலாம் என்று வைத்து, 100, 50 நோட்டுகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே முன்னால் போகும் லாரி இடது விளக்கைப் போட்டால் "முன்னே தெளிவு, தாண்டிப் போ" என்று பொருள் இருக்கலாம். "நான் இடப்பக்கம் திரும்பப் போகிறேன்" என்றும் இருக்கலாம். இடப்பக்கம் வழியோ பெட்ரோல் பங்கோ ஏதும் இல்லை என்று உங்கள் கண்ணால் உறுதி செய்துகொண்டே தாண்டுங்கள். இதே குழப்பத்தை நீங்களும் உண்டாக்கலாம். இருவழி நெடுஞ்சாலையில் இடப்பக்கம் திரும்ப நேர்ந்தால் இடது விளக்கைப் போட்டு நடுச்சாலையில் நிற்காதீர்கள். வலப்பக்கம் ஒதுங்கி, இரு பக்கமும் ஓய்ந்த பிறகு குறுக்கே போங்கள். ஒரு வண்டி மட்டும் போகும் பாலத்தில் எதிர்வண்டி முன்விளக்கை மின்னினால் "நான் முதலில்" என்று அர்த்தம். பாதை விட்டுத்தருவதாக எண்ணி நுழைந்துவிடாதீர்கள்.

இரவில் ஓட்டாதீர்கள். கொள்ளைப் பயம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் சாலையில் நிற்கும் மாடு, பின்விளக்கில்லாத லாரி, கண்ணுக்குத் தெரியாத வேகத்தடை.

சுத்த சைவம். அரிசி, பருப்பு, பொடி எடுத்துப்போகலாமா? (நியூ ஜெர்சி)

கடையில் வாங்கிய, பிரிக்காத, பெயர்ச்சீட்டு உள்ள பொட்டலங்களாக மட்டும் எடுங்கள். வீட்டில் அரைத்த பொடியைப் பெயரில்லாத டப்பாவில் கொண்டுபோனால் ஆய்வாளருக்கு விளக்கிச் சொல்ல முடியாது. கறிவேப்பிலை, பச்சைக் காய், பழம் வேண்டவே வேண்டாம். திரும்பும்போது மாம்பழமும் ஆரஞ்சும் அமெரிக்க எல்லையில் குப்பைக்குத்தான் போகும்.

உணவகங்களில் "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் போதாது. அரைத்து வதக்கிய பீன்ஸில் பன்றிக்கொழுப்பும், சிவப்புச் சோற்றில் கோழிச் சாறும் பெரும்பாலும் இருக்கும். "சின் கார்னே, சின் போயோ, சின் மன்த்தேகா, சின் கால்தோ தே போயோ" என்று ஸ்பானிஷில் எழுதிய அட்டையை ஒவ்வொரு காரிலும் வைத்துக் காட்டுங்கள். வாஹாக்காவில் சீஸ், பூசணிப்பூ, காளான் வைத்த கெசதியா என்ற மடித்த ரொட்டி எளிதாகக் கிடைக்கும். வெந்த சோளமும், பழமும், மிளகாய்த்தூளும் தெருவெங்கும் உண்டு. குடிக்க, சமைக்க இரண்டுக்கும் 20 லிட்டர் கேன் தண்ணீர் வாங்குங்கள். குழாய்த் தண்ணீர் பல் விளக்கக்கூட வேண்டாம்.

டீசல் வண்டி எடுக்கலாமா? என்ன உதிரிப்பாகம் கொண்டுபோக வேண்டும்? (ஃபீனிக்ஸ்)

புகைவடிகட்டி உள்ள புதிய டீசல் வண்டிக்குக் கந்தகம் மிகக் குறைந்த டீசல் வேண்டும். எல்லையோரத்திலும் பெருநகரங்களிலும் அது கிடைக்கிறது. மற்ற இடங்களில் கந்தகம் கூடிய டீசல் வந்துவிடலாம். வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதைச் சரிசெய்ய ஆள் தேட வேண்டியிருக்கும். ஒரே குழுவில் எல்லாம் பெட்ரோல் வண்டியாக இருப்பது நிம்மதி. பங்கில் பச்சைக் குழாய் மாக்னா, 87 ஆக்டேன். சிவப்பு பிரீமியம். கறுப்பு டீசல். ஊற்றும் முன் மீட்டர் பூஜ்ஜியத்தில் இருக்கிறதா என்று இறங்கிப் பாருங்கள். ஊழியருக்கு 5 – 10 பெசோ கொடுப்பது வழக்கம்.

வண்டிக்கு வண்டி: முழு அளவு மாற்றுச் சக்கரம், சக்கர நட்டுக்குப் பூட்டு இருந்தால் அதன் சாவி, இரண்டு முக்கோணப் பலகை, ஒளிரும் மேலங்கி, தீயணைப்பான், இரண்டு லிட்டர் எஞ்சின் ஆயில். குழுவுக்குப் பொதுவாக: 12 வோல்ட் காற்றடிப்பான், பஞ்சர் குச்சிகள், ஜம்ப் ஸ்டார்ட்டர், இழுவைப் பட்டை, நாலு லிட்டர் கூலன்ட், ஃபியூஸ்கள். ஐந்தாண்டு தாண்டிய பேட்டரியையும் வெடிப்பு விட்ட பெல்டையும் கிளம்பும் முன்பே மாற்றிவிடுங்கள். டயர் ஒட்டும் கடைக்கு அங்கே பஞ்சமே இல்லை. அரிய டயர் அளவுதான் கிடைக்காது. நிஸ்ஸான், டொயோட்டா, ஃபோக்ஸ்வாகன் உதிரிகள் சிற்றூரிலும் கிடைக்கும்.

நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 078. 'ஆங்ஹெலெஸ் வெர்தெஸ்' என்ற அரசின் பச்சை வண்டிகள் பகல் நேரத்தில் வந்து உதவும். கூலி இல்லை, பாகத்துக்கும் எரிபொருளுக்கும் மட்டும் காசு. அவசரத்துக்கு 911.

ராணுவச் சோதனை, லஞ்சம் கேட்கும் போலீஸ், சாலை மறியல் – இவற்றை எப்படிக் கையாள்வது? (சான் அன்டோனியோ)

ராணுவச் சோதனைச்சாவடி அச்சப்பட வேண்டிய இடமல்ல. துப்பாக்கி, போதைப்பொருள் தேடுகிறார்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, ஜன்னலை இறக்கி, எங்கிருந்து எங்கே என்று சொன்னால் அனுப்பிவிடுவார்கள். ஒரு தோட்டா இருந்தாலும் சிறைக்குப் போக நேரலாம் என்பதை மட்டும் மறக்காதீர்கள். டெக்சாஸில் பழைய பிக்கப் வாங்கியவர்கள் இருக்கைக்கு அடியிலும் கருவிப் பெட்டியிலும் டார்ச் அடித்துத் தேடிவிட்டே கிளம்ப வேண்டும். முந்தைய சொந்தக்காரர் வேட்டைக்குப் போனவராக இருக்கலாம். மின் சிகரெட்டையும் வீட்டில் விட்டுவிடுங்கள். தொல்லியல் தலங்களில் டிரோன் பறக்கவிடத் தடை உண்டு.

போக்குவரத்துக் காவலர் ஒரு காரை நிறுத்தினால் மற்ற கார்கள் கூட்டமாக அங்கே நிற்காமல் அடுத்த பெட்ரோல் பங்கில் காத்திருக்கட்டும். கடைசிக் கார் மட்டும் கண்ணுக்கு எட்டும் தூரத்தில் நிற்கட்டும். தவறு செய்திருந்தால் எழுதிய அபராதச் சீட்டு கேளுங்கள், அலுவலகத்தில் கட்டுவதாகச் சொல்லுங்கள். அவசரமில்லாத முகத்தோடு பொறுமையாக நின்றாலே பாதி விவகாரம் தானாகத் தீரும்.

மறியல் வேறு விஷயம். வாஹாக்காவிலும் சியாப்பாஸிலும் ஊர்க்காரர்கள் ஏதேனும் கோரிக்கைக்காகச் சாலையை அடைப்பது வழக்கம். சுற்றிப்போக முயலாமல் வண்டியைத் திருப்பி, புறப்பட்ட ஊரிலேயே இரவு தங்குங்கள். சியாப்பாஸில் சான் கிறிஸ்டோபலிலிருந்து ஒகோசிங்கோ வழியாகப் பலெங்கே போகும் சாலை இதற்குப் பேர்போனது. குழுவோடு போகிறவர்கள் வில்லாஎர்மோசா வழியாகச் சுற்றிப்போவதே சரி. தூரம் கூடும், பரவாயில்லை. அமெரிக்க அரசின் மாநிலவாரி எச்சரிக்கையைக் கிளம்பும் வாரத்திலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நுவெவோ லரேடோ இருக்கும் தமௌலிபாஸ் மாநிலத்தைத் தவிர்க்கவேண்டும் என்பதால் லரேடோ வழியே போகிறவர்கள் நுவெவோ லரேடோவுக்குப் பதில், வடமேற்கே நுவெவோ லெயோன் மாநிலத்தில் இறங்கும் கொலம்பியா பாலத்தை எடுக்கலாம்.

நடுவில் ஒருவர் அவசரமாக விமானத்தில் திரும்ப நேர்ந்தால் அவர் கார்? கடைசியில் ஈட்டுத்தொகை எப்படித் திரும்பும்? (சிகாகோ)

கார் அவர் பெயரில் இருந்தாலும், குழுவில் சுற்றுலாத் தகுதியில் உள்ள மற்றொரு வெளிநாட்டவர் ஓட்டிவரலாம் என்று மேலே சொன்னோம். அதனால் எல்லா வண்டியின் பாலிசியிலும் குறைந்தது இரண்டு ஓட்டுநர் அடங்கவேண்டும். கிளம்பும்போதே ஒவ்வொரு உரிமையாளரும் "இன்னார் என் வண்டியை ஓட்டி நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக ஒப்புகிறேன்" என்று ஸ்பானிஷிலும் ஆங்கிலத்திலும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதம், கடவுச்சீட்டு நகல், அனுமதித் தாள் ஆகியவற்றை ஓர் உறையிலிட்டு அந்தக் காரிலேயே வைக்கட்டும். பிள்ளைகள் பெற்றோரில்லாமல் மற்றக் குடும்பத்தோடு திரும்ப நேர்ந்தால் அமெரிக்க எல்லையில் காட்ட இதேபோல் ஓர் ஒப்புதல் கடிதம் உதவும்.

திரும்பும் நாளில் அமெரிக்கப் பாலத்தில் ஏறுவதற்கு முன்பே பான்ஹெர்சித்தோ சாளரத்துக்குப் போக வேண்டும். வந்த பாலம்தான் என்றில்லை, வேறு எல்லைக் கிளையிலும் முடிக்கலாம். அந்தப் பாலத்தில் கிளை இருக்கிறதா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று முன்பே பார்த்து, அதற்கேற்ப கடைசி நாள் ஓட்டத்தைக் குறையுங்கள். முன்கண்ணாடியில் ஒட்டிய அனுமதி வில்லையை நீங்களாக உரிக்கக் கூடாது. அலுவலர் வண்டி எண்ணைச் சரிபார்த்து அவரே எடுப்பார், ரத்துச் சீட்டும் தருவார். அட்டையில் கட்டியிருந்தால் அதே அட்டைக்குச் சில நாளில் பணம் திரும்பும். டாலராகக் கட்டியிருந்தால் சாளரத்திலேயே தருவார்கள்.

கெடு ஒரு நாள் தாண்டினாலும் ஈட்டுத்தொகை போய்விடும். அனுமதியை ரத்து செய்யாமல் விட்டால் அந்த வண்டிக்கும் உரிமையாளருக்கும் அடுத்த முறை அனுமதி கிடைக்காது. வாகன நெரிசலில் ஒரு கார் பின்தங்கி, மற்ற மூன்றும் ரத்து செய்யாமலே பாலத்தில் ஏறிவிடுவது நடக்கிறது. ஆகவே சாளரத்துக்குப் போகும் கடைசி ஊரில் நான்கு காரும் நின்று, நான்கு அனுமதித் தாளையும் கையில் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பாலத்துக்குக் கிளம்புங்கள். ரத்துச் சீட்டைப் படமெடுத்து மின்னஞ்சலில் சேமித்து, அசலைக் காருக்குரிய காகிதங்களோடு ஓராண்டாவது வைத்திருங்கள்.